பட்டுப்பூச்சிக் கொட்டகையும் மூச்சு மெஷினும்

1. ஸ்பீட் பிரேக்கர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னிடம் யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை. "ஊது" என்றார்கள்.

திருப்பதியில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், லாட்ஜ் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது எங்கள் ஆய்வுப் பிரிவு. மனிதர்கள் வேலை செய்யும் இடத்துக் காற்று அவர்களுடைய நுரையீரலை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கல் உடைப்பவர்கள், அரிசி ஆலைக்காரர்கள், பஞ்சு அடிப்பவர்கள் என்று தேடிப் போய் மூச்சை அளப்போம். அளக்கிற கருவியின் பெயர் ஸ்பைரோமீட்டர். போகிற ஊர்களில் எல்லாம் அதற்கு மூச்சு மெஷின் என்றே பெயர்.

தலைமை விஞ்ஞானி டாக்டர் சுபத்ரா. தெலுங்குக்காரர். தமிழில் ஆரம்பித்து, அவசரம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். நான் வரதய்யபாளையம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். டெக்னீஷியன் டிப்ளமா படித்திருந்தேன். எல்லை ஊர்களில் இரண்டு மொழியும் பேச ஆள் வேண்டும் என்றுதான் என்னை எடுத்தார்கள்.

"ஊதத் தெரியாதவங்க அடுத்தவங்கள ஊத வைக்க முடியாது. ரா அம்மா, உக்காரு" என்று மேடம் என் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினார்.

பார்க்கிறபோது சுலபமாகத்தான் இருந்தது. நெஞ்சு நிறைய இழுக்க வேண்டும். அட்டைக் குழாயை உதட்டால் இறுக்கிக்கொண்டு, வெடிக்கிற மாதிரி ஒரே வேகத்தில் ஊத வேண்டும். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றிய பிறகும் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு கோடு செங்குத்தாக ஏறி, பிறகு நிதானமாகச் சரிந்து இறங்கும். நான் ஊதினேன். பாதியில் இருமல் வந்துவிட்டது.

மேடம் திரையைப் பார்த்தார். "திருமலை மாதிரி வரணும் குமுதா. இது ஸ்பீட் பிரேக்கர்."

மதியம் வரை ஊதினேன். தலை சுற்றியது. கடைசியில் ஒரு மலை வந்தது. சின்ன மலைதான்.

2. ஜீப்

போன வருஷம் ரிட்டையர் ஆனேன். நுரையீரலை விட அந்த ஜீப்தான் இப்போது அதிகம் நினைவுக்கு வருகிறது.

டிரைவர் மஸ்தான் சித்தூர்க்காரர். விடியும்போது கிளம்பினால் சித்தூரில் டீ, பங்காருபாளையம் தாண்டியதும் என் டிபன் பாக்ஸ் புளிசாதம், பலமனேர் மேட்டில் ஏறியதும் எல்லாருக்கும் குளிர். ஸ்பைரோமீட்டரை மஸ்தான் பின் சீட்டில் ஒரு தலையணை மேல் வைத்து பெல்ட் போட்டுவிடுவார். எங்களுக்குப் பெல்ட் கிடையாது. ஊருக்குப் போய் இறங்கியதும் முதல் வேலை காலிபரேஷன். மூன்று லிட்டர் காற்றுப் பிடிக்கிற பெரிய சிரிஞ்சால் மெஷினுக்குள் தள்ளி, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்போம். இதற்குள் ஊரே கூடிவிடும். "மாட்டுக்குப் போடற ஊசியா?" என்று யாராவது கேட்காத ஊர் இல்லை.

ஓர் ஊரில் பெரியவர் ஒருவர் உற்சாகத்தில் ஊதிய வேகத்துக்கு அட்டைக் குழாயும் அவருடைய பல்செட்டும் சேர்ந்து பறந்து போயின. கூட்டம் முழுக்கப் பல்லைத் தேடியது. அதற்குப் பிறகு, ஊதுவதற்கு முன் வயதானவர்களிடம் "பல்லு சொந்தமா?" என்று கேட்பதை மேடம் விதியாகவே ஆக்கினார். சில பேருக்குக் கோபம் வந்தது. சில பேர் வாயைத் திறந்தே காட்டினார்கள்.

அப்படிச் சிரித்துக்கொண்டு போன பாதையில்தான் ராமகுப்பம் பக்கம் போனோம்.

3. கோவிந்தன் கேட்டது

அங்கே பட்டுப்பூச்சி வளர்ப்பவர்களுக்கு மூச்சிளைப்பு அதிகம் வருவதாக ஆஸ்பத்திரி டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது உண்மையா, உண்மையென்றால் எதனால் என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. பல வீடுகளில் பூச்சியும் மனிதர்களும் ஒரே கூரைக்குக் கீழேதான். ஒரு பக்கம் தட்டுகளில் புழு, அவற்றுக்கு மல்பெரி இலை. மறு பக்கம் பாய், அடுப்பு, டிவி. புழு தின்று மிஞ்சிய காய்ந்த இலையும் எச்சமும் தட்டில் சேரும். அதை அள்ளிக் கொட்டிப் புதுசாக இலை போடுவதைப் படுக்கை மாற்றுவது என்பார்கள். நோய் வராமல் இருக்க மேலே ஒரு வெள்ளைத் தூளும் தூவுவார்கள். அந்தத் தூசு மூக்கில் ஏறுவதை நானே உணர்ந்திருக்கிறேன்.

முதல் கூட்டத்தில் யாரும் ஊத வரவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் நாங்கள் மெஷினோடு உட்கார்ந்திருந்தோம். அவர்கள் வெயிலில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்கள். கடைசியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் முன்னால் வந்தார். கோவிந்தன்.

"மேடம், நீங்க பாட்டுக்கு ஊத வெச்சி, பூச்சியால இளப்பு வருதுன்னு எழுதிக்கினு திருப்பதிக்குப் போயிடுவீங்க. நாளைக்குச் சந்தையில எங்க பட்டுக்கூட்டப் பாத்து இது நோவுக்கூடுன்னு சொன்னா, நாங்க எத்தத் துன்றது?"

பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"எங்க நைனா கடைசி வரிக்கும் அடுத்தவன் நெலத்துல கூலி. எனக்குன்னு ஒரு ஏக்கரு வந்ததே இந்தப் பூச்சியாலதான். அத்த நானே ஊதி அணைக்கணுமா?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் எழுந்து அவர் எதிரே போய் நின்றார்.

"நீங்க சொல்றது நிஜம். இந்த பயத்துக்கு இப்ப என்கிட்ட பதில் லேது. யோசிச்சுட்டு வர்றேன்."

மெஷினைப் பெட்டியில் வைத்துக் கிளம்பினோம். ஜீப்பில் ஏறியதும் மேடம் கோவிந்தன் கேட்டதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாம ரிஸ்க் கண்டுபிடிக்க வந்தோம் குமுதா. அவங்களுக்கு நாமளே ஒரு ரிஸ்க்."

அடுத்த முறை போனபோது ஒரு ஏற்பாட்டோடு போனார். எந்த ஊர், எந்த வீடு என்று எங்கும் வராது. முடிவு எதுவானாலும் வெளியே போவதற்கு முன் இதே வராந்தாவில் முதலில் சொல்லப்படும். நோய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், தொழிலை விடாமல் என்ன செய்யலாம் என்பதையும் சொல்வோம். கோவிந்தன் கேட்டுக்கொண்டார். ஊத வரவில்லை. ஆனால் அவருடைய மனைவி மல்லிகா வந்தார்.

4. மல்லிகா

ஊரில் நல்ல கூடு எடுப்பவர் என்று மல்லிகாவுக்குப் பெயர். புழுவின் நிறத்தைப் பார்த்தே பசியா நோயா என்று சொல்லிவிடுவார் என்றார்கள். முதல் தடவை ஊதியபோதே கோடு ஏறாமல் படுத்துக்கொண்டது. மேடம் இன்ஹேலரில் மருந்து இழுக்க வைத்துக் கொஞ்ச நேரம் காக்க வைத்து மறுபடியும் ஊதச் சொன்னார். இப்போது கோடு நன்றாக ஏறியது. அடைத்துக்கொள்கிற மூச்சுக்குழாய் மருந்தால் திறக்கிறது என்றால் அது ஆஸ்துமாதான்.

"எத்தன நாளா இளப்பு?" என்று கேட்டேன்.

"அது இன்னா, சளிதாங்கா. புதுப் பூச்சி வாங்கி எறக்கன மறுநாளே வந்துரும். கூடு வித்ததும் பூடும்."

அவர் சொன்னதில் இருந்ததை அவரே கவனிக்கவில்லை. மேடம் என்னைப் பார்த்தார்.

குப்பம் டவுன் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, எப்போது எந்த மருந்தை இழுப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தோம். சீட்டு வீட்டு உத்தரத்தில் செருகப்பட்டதோடு சரி. பூச்சி இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போக யாருக்கு நேரம்?

சில வாரங்கள் கழித்து, மேடம் திருப்பதியில் இருந்த ஒரு நாள், நானும் மஸ்தானும் மட்டும் அந்த ஊருக்குப் போயிருந்தோம். மதியம். கோவிந்தன் வீட்டைத் தாண்டும்போது மல்லிகா வாசலில் சுவரைப் பிடித்துக் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். முகத்தில் கட்டியிருந்த துண்டு கழுத்தில் தொங்கியது. முந்தானையெல்லாம் வெள்ளைத் தூள். உள்ளே படுக்கை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மல்லிகா, என்ன பண்ணுது?"

பதில் வரவில்லை. வாய் திறந்தது. மூச்சு மட்டும் விசில் மாதிரி வந்தது. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"ஒரு வாக்கியம் முழுசா பேசச் சொல்லு" என்றார் மேடம்.

"மல்லிகா, உன் பேரும் ஊரும் சொல்லு."

"மல்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

மேடத்தின் குரல் மாறியது. "கிட்ல இன்ஹேலர் உந்தி கதா, இருக்கில்ல? குழாய் மாட்டிக் குடு. நான் சொல்றப்பல்லாம் குடு. வண்டி எடுக்கச் சொல்லு. இப்பவே."

மஸ்தான் ஜீப்பைத் திருப்பியதையும் கோவிந்தன் தோட்டத்திலிருந்து ஓடி வந்து ஏறியதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. பின் சீட்டிலிருந்த மெஷினைத் தலையணையோடு தரையில் தள்ளிவிட்டு மல்லிகாவை உட்கார வைத்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். குப்பம் ரோடு முழுக்க மஸ்தான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

கோவிந்தனுக்கு மூச்சென்றால் எங்கள் மெஷின்தான் நினைவுக்கு வந்ததோ என்னவோ, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊது மல்லிகா, ஊது, விடாத ஊது" என்று கத்திக்கொண்டே வந்தார்.

"ஊத வேணாங்க, இழுக்கட்டும்" என்றேன்.

"இழு மல்லிகா, இழு" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனும் நெபுலைசரும் வைத்தார்கள். சாயந்திரம் மல்லிகா முதல் முழு வாக்கியம் பேசினார். "பூச்சிக்கு எல போட்டீங்களா?" என்று கணவரைக் கேட்டார்.

5. முள் ஏறியது

மறுநாள் மேடம் வந்தார். பூச்சி இருக்கிற வீட்டை விட்டுச் சில வாரம் விலகி இருந்தால் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அது சிகிச்சைக்கும் நல்லது, காரணமும் தெரியும்.

"பூச்சி இப்ப நாலாவது தோல உரிச்சிட்டுக் கீது மேடம். இனிமேதான் அள்ளி அள்ளித் துன்னும். நான் எங்க போறது?" என்றார் மல்லிகா.

கோவிந்தன் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். "நீ உன் தங்கச்சி வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீயா? உனக்கு எந்தத் தட்டு எந்த வயசுன்னு தெரியுமா?"

"போன் பண்ணிக் கேட்டுக்கறேன், போ."

தங்கை வீடு பங்காருபாளையத்தில். மாங்காய் சீசன். மல்லிகா கையில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் கொடுத்தனுப்பினோம். பிளாஸ்டிக் குழாய்தான். ஊதினால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டை போட்ட அளவில் ஒரு முள் நகர்ந்து நிற்கும்; பச்சை என்றால் நல்ல மூச்சு. காலையிலும் சாயந்திரமும் எனக்கு வீடியோ கால் போட்டு, ஊதி, முள்ளைக் கேமராவுக்கு நேராகக் காட்டுவார். பின்னால் மாங்காய்க் குவியல். தங்கை பிள்ளைகள் எட்டிப் பார்க்கும். "நானு, நானு" என்று கை நீளும். நான் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன்.

முதல் சில நாட்கள் பெரிய மாற்றம் இல்லை. அப்புறம் முள் நகர ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வாரம் தாண்டியதும் சிவப்புப் பட்டையை விட்டு மேலே வந்தது. மஞ்சளையும் தாண்டியது.

கோவிந்தனும் தினமும் எனக்குப் போன் செய்தார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி, "இன்னிக்கு எவ்ளோ மேடம்?" என்பார். அவருக்கு நானும் மேடம்தான். எண் சொன்னால் "சரி" என்பார். பின்னாலேயே ஒரு தும்மல் கேட்கும், வைத்துவிடுவார்.

பச்சைப் பட்டைக்கு முள் வந்த அன்று நானே அவரைக் கூப்பிட்டேன். "உங்க வீட்டம்மா இன்னிக்கு நல்லா ஊதிட்டாங்க. நார்மலுக்கு வந்துட்டாங்க."

அந்தப் பக்கம் தட்டு ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப பூச்சிதான்" என்றார்.

கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த எண்ணை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்.

"இவ்ளோ நாளா சளி, சளின்னு நானே கஷாயம் வெச்சிக் குடுத்துக்கினு இருந்தேன் மேடம். சந்தோசப்படறதா அழறதா தெரியல. இங்க தட்டு பூரா பூச்சி கூடு கட்ட ஆரம்பிச்சிட்டுது. அத்தன அழகா கீது."

எனக்குத் தெரிந்து எங்கள் ஆபீசில் நல்ல ரிசல்ட் என்றால் கைதட்டுவோம், ஸ்வீட் வாங்குவோம். அன்றைக்கு நான் தனியாக மாடி வராந்தாவில் போய் நின்றேன்.

6. செய்யாத சோதனை

மல்லிகா ஊர் திரும்பியபோது பலர் நம்பவில்லை. "வேல செய்யாம மாம்பழம் துன்னுகினு இருந்தா யாருக்குத்தான் தெம்பு வராது?" என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. மாறியது பூச்சி மட்டுமில்லை, வேலை, சாப்பாடு, தூக்கம், மருந்து எல்லாமே மாறியிருந்தது.

எங்கள் குழுவில் ஆராய்ச்சி மாணவர் கிரண் இருந்தார். கெட்டிக்காரர். "மேடம், ஒரே ஒரு ரீடிங் போதும். அவங்களப் பூச்சி இருக்கற வீட்டுக்குள்ள அனுப்பி, வெளிய வந்ததும் ஊத வெச்சா கேஸ் க்ளோஸ்" என்றார்.

மல்லிகாவே அதைக் கேட்டுவிட்டார். "நான் போறேன் மேடம். செத்த நேரந்தான? இவுங்க வாய அடைக்கணும்."

கோவிந்தன் வாசற்படியில் குறுக்கே வந்து நின்றுகொண்டார். ஆனால் அவர் பேசுவதற்கு முன்பே மேடம் பேசினார்.

"வேணாம் அம்மா. எனக்குத் தெரியணும்னு நீ இளைக்க வேணாம்."

"அப்ப எப்படி நிரூபிக்கறது மேடம்?" என்றார் கிரண்.

"மெதுவா. நிறைய வீட்டுக்குப் போய்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த 'மெதுவா' எங்களுக்குப் பல பட்டு சீசன்களாக நீண்டது. மல்லிகாவை ஜீப்பில் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்த ஊர், இப்போது ஊத வந்தது. முதலில் வந்தவர் கோவிந்தன். பூச்சியோடு ஒரே அறையில் படுப்பவர்கள், தனிக்கொட்டகை வைத்திருப்பவர்கள், பூச்சியே வளர்க்காதவர்கள் என்று வீடு வீடாக அளந்தோம். பூச்சி இருக்கும்போதும் அளந்தோம், இல்லாதபோதும் அளந்தோம். மழையில் ஜீப் சேற்றில் புதைந்து, ஊத வந்தவர்களே தள்ளிவிட்டார்கள். "மூச்ச இங்கியே செலவு பண்ணிட்டா அப்பறம் எப்பிடி ஊதறது?" என்று மஸ்தானை ஒருவர் திட்டினார். என் வேலைக்காலத்தில் நான் அதிகமாகச் சிரித்ததும் அதிகமாகக் களைத்ததும் அந்த வருஷங்களில்தான்.

இதற்கிடையில் மல்லிகாவும் கோவிந்தனும் வேலையை மாற்றிக்கொண்டார்கள். மல்லிகா தோட்டமும் சந்தையும். கோவிந்தன் பூச்சி. வீட்டிலிருந்து தள்ளி, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்து ஷீட் போட்ட கொட்டகை கட்டினார்கள். தட்டைக் கொட்டுவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்துத் தூசு கிளம்பாமல் செய்தார் கோவிந்தன். மாஸ்க் போட்டார். மல்லிகா ஜன்னலுக்கு வெளியே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, எந்தத் தட்டுக்கு எவ்வளவு இலை என்று அதட்டுவார். முதல் இரண்டு அறுவடை சுமார்தான். மூன்றாவது தேறியது.

7. புள்ளிகள்

சொன்னபடி முடிவை முதலில் அந்த வராந்தாவில்தான் சொன்னோம். திறந்த பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்துச் சுவரில் புரொஜெக்டர் போட்டோம். மேடம் தெலுங்கில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

பூச்சியோடு ஒரே அறையில் இருப்பவர்களுக்கு இளைப்பு அதிகம். தனிக்கொட்டகை உள்ள வீடுகளில் குறைவு. அது எச்சத் தூசா, வெள்ளைத் தூளா, புழுவேதானா என்று பிரித்துச் சொல்ல எங்களால் முடியவில்லை. அதையும் மேடம் மறைக்காமல் சொன்னார். ஆனால் காற்று ஓட்டமும், ஈரம் தெளிப்பதும், தனிக்கொட்டகையும் உதவுகின்றன. கூட்டைத் தொடுபவருக்கோ வாங்குபவருக்கோ இதனால் இளைப்பு வருவதாக எங்கள் ஆய்வில் எதுவும் தெரியவில்லை.

சுவரில் நிறையப் புள்ளிகள் தெரிந்தன. "ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆளு ஒரு தடவ ஊதினது. மேல இருக்கறவங்க நல்லா ஊதறவங்க. கீழ இருக்கறவங்களுக்கு இளப்பு" என்றேன்.

மல்லிகா பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தார். "என் பேரு எங்க குமுதாக்கா?"

"பேரு போடக்கூடாது மல்லிகா. விதி அப்படி. உனக்காகத்தான்."

"அத்தன வாட்டி ஊதனது நானு. செத்துப் பொழச்சது நானு. நான் எதுன்னு எனக்காச்சும் சொல்லக்கூடாதா?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கிரணிடம் மெதுவாக ஏதோ கேட்டார். கிரண் லேப்டாப்பில் தேடினார். மேடம் மல்லிகாவைப் பக்கத்தில் கூப்பிட்டு அவருடைய காதில் மட்டும் சொன்னார்.

மல்லிகா நேராகச் சுவருக்குப் போனார். புரொஜெக்டர் வெளிச்சம் அவர் முதுகில் விழுந்து, புள்ளிகள் புடவையெல்லாம் ஏறிக்கொண்டன. கொஞ்சம் விலகி நின்று, கீழ் வரிசையில் ஒரு புள்ளியில் விரலை வைத்தார்.

"இந்தோ பாருங்க. இது நானு, அப்போ" என்றார். விரலை அப்படியே மேலே கொண்டுபோய் இன்னொரு புள்ளியில் வைத்தார். "இது நானு, இப்போ. நான் செத்தும் போவல, பூச்சியையும் வுடல."

விரலை எடுக்காமலே திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், என்னுது எது?"

அவ்வளவுதான். வராந்தா முழுக்க எழுந்துவிட்டது. என்னுது எது, எங்க வூட்டுக்காரரது எது என்று கேட்டுக்கொண்டே சுவரை நெருங்கினார்கள். "ஒவ்வொருத்தரா வாங்க, அவுங்கவுங்க காதுல மட்டும் சொல்றோம்" என்று நான் கத்தினேன். மஸ்தான் வரிசை கட்டினார். மேடத்தின் கையில் இன்னும் பல ஸ்லைடுகள் பாக்கி இருந்தன. அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காதாகச் சொல்ல ஆரம்பித்தார்.

இப்போதும் எப்போதாவது ஆபீசுக்குப் போனால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் ஆய்வு எப்போது முடியும் என்று என்னைக் கேட்கிறார்கள். கட்டுரை அச்சாகி வந்த நாளைத்தான் ஆபீசில் முடிந்த நாள் என்று கணக்கு வைப்பார்கள். அந்தக் கட்டுரை வந்தபோது எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். அதே படம் அதில் இருந்தது, சின்னதாக, கறுப்பு வெள்ளையில். நான் சொல்வது இதுதான்: ஊதினவர்களிடம் திரும்பிப் போங்கள். அவர்கள் தங்களுடைய புள்ளியைத் தேடி எடுக்கிற வரைக்கும் அங்கேயே இருங்கள். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, ஜீப் காத்திருக்கும்.